மனாசே என்னும் பெயர்



2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாளான ஞாயிறு. நம் பிரம்மதேசத்திற்கு அருகேயுள்ள மரக்காணம் கடற்கரைக் குப்பங்களில் ஆழிப்பேரலை புகுந்தது. சில மாதங்கள் கழித்து, மகனை இழந்த ஒரு தாயைச் சந்தித்தேன். அப்பொழுது நான் இளம் ஊழியன். ஏசாயா 43:18-ஐ வாசித்து, "நடந்ததை மறந்துவிடுங்கள், அம்மா" என்றேன்.

"நானும் மறந்துட்டா அவன் பேரைச் சொல்ல யாரு இருக்கா, ஐயா?" என்றார்.

அன்றிரவு அந்த அதிகாரத்தை மறுபடியும் வாசித்தேன். 16ஆம் வசனத்தில், கடலிலே வழி திறந்த பழைய நாளைக் கர்த்தரே நினைப்பூட்டுகிறார். 46:9இலோ முந்திய காரியங்களை நினைக்கவே கட்டளையிடுகிறார். பழைய மீட்போடு தேவனுடைய செயல் முடிந்துவிட்டதென்று சிறையிருப்பின் ஜனங்கள் எண்ணிவிடாதபடிக்கே அந்த 18ஆம் வசனம். துக்கப்படுகிறவரின் வாயை அடைப்பதற்கு அல்ல.

தன் வருத்தத்தைத் தேவன் மறக்கப்பண்ணினார் என்று யோசேப்பு தன் மூத்த மகனுக்கு மனாசே எனப் பெயரிட்டான் (ஆதியாகமம் 41:51). அந்தப் பெயரைச் சொல்லி அழைத்த ஒவ்வொரு முறையும் மறந்தது நினைவுக்கு வந்திருக்குமல்லவா? சகோதரரைக் கண்டபோது அழுதான்; ஆனால் பழிவாங்கவில்லை. வேதம் கேட்கும் மறதி இதுவே: நினைவு நிலைத்திருக்கும், அது நம்மை ஆண்டுகொள்ளாது.

மறுவாரம் அந்தத் தாயிடம் சென்று மன்னிப்புக் கேட்டேன். மகனின் பெயரைக் கேட்டறிந்து, அதைச் சொல்லியே ஜெபித்தோம்.

துக்கத்தில் இருப்பவரை மறக்கச் சொல்லாதிருங்கள். இழந்தவரின் பெயரைக் கேளுங்கள். கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.