மல்லேஸ்வரத்தில் நின்ற வண்டி

பெங்களூருவில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுள் மல்லேஸ்வரத்தை அறியாதார் இலர். பூ வாங்குவதற்கும் கோயிலுக்குச் செல்வதற்கும் நாம் அனைவரும் நாடும் இடம் அது. 1898-ஆம் ஆண்டில் இந்நகரைப் பிளேக் என்னும் கொள்ளை நோய் வாட்டியபின், காற்றும் வெளிச்சமும் நிறைந்த புதுக் குடியிருப்பாக அமைக்கப்பட்டது இப்பேட்டை. சம்பிகே சாலை என்றால் செண்பகச் சாலை. மார்கோசா சாலை என்றால் வேம்புச் சாலை. காற்றுக்காகவே கட்டிய ஊரில், காற்றுப் போதாமல் நம் வண்டி நின்றுபோன கதையை இங்கு எழுதுகின்றோம்.

ஸ்ரீராமபுரத்தில் குடியிருக்கும் நாம், ரயில்வேயில் குமாஸ்தா வேலை பார்ப்பவர். சேமநல நிதியில் கடன் பெற்று, 2007-ஆம் ஆண்டில் செய்த சிறு பெட்ரோல் கார் ஒன்றை இரண்டாம் கையாக வாங்கினோம். ஆடம்பரத்துக்காக அன்று, முழங்காலில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட நம் தாயாருக்குப் பேருந்துப் படி ஏற இயலாமையால்.

ஒரு திங்கட்கிழமை மாலை, தாயாரைக் காடு மல்லேஸ்வரர் கோயிலுக்கு அழைத்துச் சென்றோம். சிவாஜியின் சகோதரர் ஏகோஜி இக்கோயிலுக்கு ஊர் ஒன்றை மானியமாக அளித்ததைக் கூறும் 1669-ஆம் ஆண்டுக் கல்வெட்டு உண்டு. அதே ஏகோஜிதான் சில ஆண்டுகளுக்குப்பின் தஞ்சையில் மராத்திய அரசை நிறுவியவர். ஆகவே தமிழருக்கு இக்கோயில் அந்நியமானதன்று என்று தாயாரிடம் சொல்லிக்கொண்டே வண்டியை ஓட்டினோம்.

மார்கோசா சாலையில் சிவப்பு விளக்கு எரிந்தது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தோம். எஞ்சின் இருமுறை உறுமித் தாழ்ந்து, நின்றுவிட்டது. மீண்டும் கிளப்பினோம், மீண்டும் நின்றது. பின்னால் நின்ற வண்டிகள் யாவும் ஒரே குரலில் அலறின. அப்போது ஆட்டோ ஓட்டுநர் இருவர் ஓடிவந்து, "தள்ளி, தள்ளி!" என்று கூவிக்கொண்டே வண்டியை ஓரமாகத் தள்ளினர். கன்னடத்திலும் தமிழிலும் அச்சொல்லுக்கு வேர் ஒன்றே அல்லவா!

தாயார் கண் கலங்கி, "என்னால் உனக்கு எத்தனை தொல்லை, தம்பி! என்னை ஊருக்கே ரயிலேற்றி விட்டுவிடு" என்றார். வண்டி நின்றதைக் காட்டிலும் அச்சொல்லே நம்மைச் சுட்டது. ஊரில் பூட்டிய வீடன்றி அவரைப் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள்?

மறுநாள் பெரிய பழுது நிலையம் ஒன்றில் காட்டினோம். உறுப்பு முழுவதையும் மாற்ற வேண்டும் என்று கூறி, நம் அரைமாதச் சம்பளத்தைக் கேட்டார்கள். மனமொடிந்து திரும்பும்போது, மல்லேஸ்வரத்துச் சந்து ஒன்றில் சிறு பட்டறை வைத்திருக்கும் கன்னட மேஸ்திரி ஒருவரிடம் நிறுத்தினோம். அவர் சற்றுக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "காளி பரல்ல, சார்" என்றார். உடனிருந்த தாயார் திடுக்கிட்டு, "காளியம்மனுக்கு என்ன குறை வைத்தோம்?" என்று வினவ, மேஸ்திரி சிரித்து, "காத்தும்மா, காத்து வரலே" என்று தமிழிலேயே விளக்கினார்.

ரயில்வேக்காரர்க்கு இதன் சூட்சுமம் எளிதில் விளங்கும். ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது, எஞ்சினுக்குக் காற்றுச் செல்லும் பிரதான பாதையைத் திராட்டில் தகடு ஏறக்குறைய மூடிவிடுகிறது. அப்போது லூப் லைன் போன்ற சிறு பக்கவழியில் காற்றுச் செல்கிறது. அவ்வழியின் பாயிண்ட்ஸ்மேன்தான் ஐடில் ஏர் கண்ட்ரோல் வால்வு. குளிர்சாதனம் போட்டால் எஞ்சினுக்குச் சுமை கூடும். கணிப்பொறியின் ஆணைப்படி வால்வு சற்றுக் கூடுதலாகத் திறக்கும். எஞ்சினிலிருந்து திரும்பிவரும் எண்ணெய்ப் புகையின் கரி அதில் படிந்து ஒட்டிக்கொண்டால், திறக்க வேண்டியபோது திறவாது, வண்டி நின்றுவிடும். திறந்தபடியே சிக்கினால் வீணாக உறுமும்.

மேஸ்திரி எஞ்சினை ஆறவிட்டு, பாட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றி, வால்வை வெளியே எடுத்தார். அதன் முனை அடுப்புக் கரியாக இருந்தது. அதற்குரிய கிளீனரைத் தெளித்து, மெல்லிய துணியால் துடைத்தார். "முனையைக் கையாலே அழுத்தவோ இழுக்கவோ கூடாது சார், உள்ளே பல்லு போயிடும்" என்று எச்சரித்தார். காற்றுக் குழாய்களில் வெடிப்பு உண்டா என்று பார்த்து, பழைய ரப்பர் வளையத்தை மாற்றி, மீண்டும் பூட்டினார். பின்பு ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் எஞ்சினைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு, குளிர்சாதனத்தையும் போட்டுச் சோதித்தார். முள் 800 அருகே அசையாது நின்றது. அவர் வாங்கிய கூலி, கேட்ட தொகையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

நேயர்களுக்கு இரண்டொரு சொல். வண்டி நின்றுவிடுகிறதே என்று திராட்டில் திருகைத் திருப்பி வேகத்தைக் கூட்டிவைப்பது நோயை மூடி மறைப்பதாகும். எஞ்சின் அணைந்தால் பிரேக்கும் ஸ்டியரிங்கும் கனத்துவிடும். ஆகவே இப்பழுதைத் தள்ளிப்போடலாகாது. தகட்டையே மின்மோட்டார் இயக்கும் புதிய வண்டிகளில் இவ்வால்வு தனியாக இராது. சுத்தம் செய்தும் சரியாகாவிடில் வால்வை மாற்றத்தான் வேண்டும். ஆயினும் முதலில் சுத்தம் செய்து பார்ப்பதில் நஷ்டமில்லை.

அடுத்த திங்களன்று அதே விளக்கில் நின்றோம். எஞ்சின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. தாயார் நம் முகத்தையே பார்த்திருந்தார். பச்சை விளக்கு விழுந்து வண்டி நகர்ந்ததும், "கோயிலுக்குப் போகும் வழியில் எட்டாவது கிராஸில் கொஞ்சம் நிறுத்து, கனகாம்பரம் வாங்க வேண்டும்" என்றார். ஊருக்குப் போகும் பேச்சை அதன்பின் அவர் எடுக்கவேயில்லை.