பி டீம் பேத்தியும் பச்சைச் சட்டைப் பெண்களும்

2023 செப்டம்பரில் மகள் வீட்டுக்கு, டப்ளின் போயிருந்தேன். நான் போய் இறங்கிய வாரம் வீடே 'உம்'மென்று இருந்தது. பத்து வயதுப் பேத்தியை, அவள் விளையாடும் கால்பந்து கிளப்பில் 'பி' டீமுக்கு மாற்றிவிட்டார்களாம். "நான் இனிமே போகமாட்டேன்" என்று ஷூவைக் கட்டிலுக்கு அடியில் வீசிவிட்டாள்.

எனக்கு அவள் வலி புரிந்தது. நான் படித்த காலத்தில் 'பி' செக்‌ஷன் என்றாலே மக்குப் பிள்ளைகள் என்று அர்த்தம். ஏழாம் வகுப்பில் என்னை அங்கே மாற்றிய அன்று, ராத்திரி சாப்பிடாமல் படுத்தவள் நான்.

23-ம் தேதி சனிக்கிழமை. மாப்பிள்ளை எல்லோரையும் அவீவா ஸ்டேடியத்துக்கு அழைத்துப் போனார். அயர்லாந்து பெண்கள் அணிக்கும் வட அயர்லாந்துக்கும் ஆட்டம்.

"இது நேஷன்ஸ் லீக், அத்தை. பெண்களுக்கு இந்த வருஷம்தான் ஆரம்பிச்சிருக்காங்க. ஐரோப்பாவில் 51 டீமை ஏ, பி, சின்னு மூணு அடுக்காப் பிரிச்சிருக்காங்க. குழுவில் முதலிடம் வந்தா மேலே ஏறலாம், கடைசின்னா கீழே இறங்கணும். நம்ம அயர்லாந்து பி-யில இருக்கு."

பேத்தி சட்டென்று நிமிர்ந்தாள். "அப்பா, கேட்டி மெக்கேப் பி டீமா?"

கேட்டி மெக்கேப் அயர்லாந்தின் கேப்டன். இவள் அறைச் சுவரில் இருக்கும் படமும் அவருடையதுதான். இரண்டு மாதம் முன்புதான் அந்த அணி முதல்முறையாக உலகக் கோப்பையில் ஆடியிருந்தது. கனடாவுக்கு எதிராக கார்னரிலிருந்தே நேராக கோல் அடித்தவர் அவர். ஆனால், அணி ஒரு ஆட்டத்திலும் ஜெயிக்கவில்லை.

இடைவேளையில் மாப்பிள்ளை இன்னொன்றும் சொன்னார். இதே அணிப் பெண்கள் 2017-ல் பத்திரிகையாளர்களைக் கூட்டி, 'எங்களுக்குச் சொந்தமாக ட்ராக்சூட் கூட இல்லை, விமான நிலையக் கழிப்பறையில் மாற்றித் திருப்பிக் கொடுக்கிறோம்' என்று குமுறினார்களாம். 2021-ல்தான் ஆண்களுக்கு இணையான ஆட்டச் சம்பளம் கிடைத்திருக்கிறது. அந்த மைதானத்தில் பெண்கள் அணி ஆடுவதே அன்றுதான் முதல்முறை. சுற்றிலும் ஏறக்குறைய 36 ஆயிரம் பேர். 'பி' அடுக்கு ஆட்டத்துக்கு!

அயர்லாந்து 3-0 என்று ஜெயித்தது. பேத்தி தொண்டை கட்டும்வரை கத்தினாள். வீட்டுக்கு வந்ததும் கட்டிலுக்கு அடியில் கையைவிட்டுத் துழாவினாள். நான் பார்க்காததுபோல் இருந்துவிட்டேன்.

ஊர் திரும்பிய பிறகு ஸ்கோரெல்லாம் அவள் அனுப்பும் வாட்ஸ்அப்பில்தான். அல்பேனியாவில் கொட்டும் மழை, குளம்போல் மைதானம். 88-வது நிமிடத்தில் டெனிஸ் ஓ'சல்லிவன் தலையால் முட்டி அடித்த ஒரே கோலில் வெற்றி. ஆறு ஆட்டம், ஆறும் வெற்றி. ஏ-வுக்கு ஏறிவிட்டார்கள்.

அங்கேயே நிலைத்தார்களா என்றால், இல்லை. மறு வருடம் யூரோ தகுதிச் சுற்றில் இங்கிலாந்து, ஸ்வீடன், பிரான்ஸ் என்று ஜாம்பவான்களோடு மோதி ஐந்து தோல்வி. கடைசி ஆட்டத்தில் பிரான்ஸை 3-1 என்று சாய்த்தும் பயனில்லை. மறுபடி பி. அப்புறம் 2025 அக்டோபரில், பெல்ஜியத்தை இரண்டு ஆட்டங்களிலும் சேர்த்து 5-4 என்று வென்று மீண்டும் ஏ!

பேத்திக்கும் அதே கதைதான். நடுவில் ஒரு வருடம் ஏ டீமில் இருந்தாள். இப்போது திரும்பவும் பி.

"வருத்தமா இருக்காடி கண்ணு?" என்று வீடியோ காலில் கேட்டேன்.

"இருக்கு பாட்டி. ஆனா ப்ராக்டிஸுக்கு நேரமாச்சு, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாள்.