பிறந்த இடம்: யாழ்ப்பாணம்

போர்க் காலத்தில் கொழும்பில் ஒருவர் தமிழரா இல்லையா என்று அறிய, பொலிஸார் அவருடைய பெயரைக்கூட வாசிக்கத் தேவையிருக்கவில்லை. சிங்களப் பகுதிகளில் கொடுத்த தேசிய அடையாள அட்டை சிங்களத்தில் மட்டும் இருந்தது. வடக்கிலும் கிழக்கிலும் கொடுத்த அட்டையில் தமிழும் சேர்ந்திருந்தது. பிறந்த இடமும் அதில் எழுதியிருக்கும். என்னுடையதில் யாழ்ப்பாணம். காலி வீதியில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கி, அட்டைகளை வாங்கிப் பார்ப்பார்கள். கொஞ்ச நேரத்தில் மற்றவர்கள் திரும்ப ஏறிவிடுவார்கள்; நாங்கள் சிலர் மட்டும் வீதியோரத்தில் நிற்போம். பஸ் சிலவேளை எங்களுக்காகக் காத்திருக்கும், சிலவேளை போய்விடும். எல்லோருக்கும் இருமொழி அட்டை என்ற ஏற்பாடு 2014இல்தான் வந்தது.

சோதனைகளைப் பற்றி மட்டும் எழுதிக் குண்டுகளைப் பற்றிப் பேசாமல் விட்டால் அது பாதி உண்மைதான். ஆகவே குண்டிலிருந்தே தொடங்குகிறேன்.

1996 ஜனவரி 31, புதன்கிழமை. நான் கோட்டையில் ஒரு கப்பல் முகவர் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தேன். முற்பகல் பதினொரு மணி ஆகியிருக்காது. முதலில் துப்பாக்கிச் சத்தம் கேட்டது. என்னவென்று பார்க்க ஜன்னலுக்கு ஓடியவர்களுக்குத்தான் பெரிய காயங்கள். வெடிமருந்து ஏற்றிய லொறி மத்திய வங்கியின் வாசலில் வெடித்தபோது, எங்கள் மாடியின் கண்ணாடி முழுவதும் உள்ளே வந்து கொட்டியது. பக்கத்து மேசைச் சிங்களப் பெண்ணுக்கு ஒரு கண் போய்விட்டது. மதிய உணவைப் பகிர்ந்து சாப்பிடுகிறவர்கள் நாங்கள். எனக்கு இடது கையில் ஆழமான வெட்டு. அன்று ஏறத்தாழ 90 பேர் இறந்தார்கள். காயப்பட்டவர்கள் 1,400 பேர் வரை. செய்தவர்கள் விடுதலைப் புலிகள். அதே ஆண்டு ஜூலை 24இல் தெஹிவளையில் ரயிலுக்குள் குண்டு வெடித்து 64 பேர் இறந்தார்கள். அந்தப் பாதையில்தான் நானும் வேலைக்குப் போய் வந்தேன். ஆசனத்துக்கு அடியில் குனிந்து பார்க்காமல் அதன் பிறகு நான் ரயிலில் உட்கார்ந்ததில்லை. பொலிஸார் அஞ்சியதற்கு நான் அஞ்சவில்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

மத்திய வங்கிக் குண்டு வெடித்த வாரத்திலேயே, நான் தங்கியிருந்த வெள்ளவத்தைப் பெண்கள் விடுதிக்கு இரவில் பொலிஸ் வந்தது. வடக்கைச் சேர்ந்த எல்லோரையும் ஜீப்பில் ஏற்றினார்கள். நிலையத்தில் வாங்கு நிறையத் தமிழர்கள்: நகைக்கடைப் பையன்கள், வெளிநாட்டு விசாவுக்கு வந்து நின்ற தாய்மார், பல்கலைக்கழக மாணவர்கள். என் கைக்கட்டைக் கண்டதும் அங்கிருந்த அதிகாரியின் முகம் மாறியது. காயம் எப்படி வந்தது என்று கேட்டார். கோட்டையில் என்றேன். கோட்டையில் உனக்கென்ன வேலை என்று கேட்டார். ஆஸ்பத்திரித் துண்டைக் காட்டினேன். யார் கொடுத்த துண்டு, அந்த நேரத்தில் ஏன் அங்கே இருந்தாய், கொழும்புக்கு எப்போது வந்தாய், ஏன் வந்தாய், எப்போது திரும்பிப் போவாய் என்று விடியும்வரை கேள்விகள் வந்தன. என்னோடு வேலை பார்க்கும் சிங்களவர் ஒருவர் மறுநாள் அலுவலகக் கடிதத்தோடு வந்து பொறுப்பேற்ற பிறகுதான் விட்டார்கள்.

அந்த இரவில் கேட்கப்படாத கேள்வி ஒன்று இத்தனை ஆண்டுகளாக என் மனதில் நிற்கிறது. குண்டு வெடித்த தெருவில் இருந்தவள் நான். துப்பாக்கிச் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, யார் ஓடினார்கள், நீ என்ன கண்டாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. சாட்சியாக உட்கார வைக்க வேண்டியவளைச் சந்தேக நபராக நிறுத்தினார்கள். எனக்கு அதில் அவமானம். நாட்டுக்கு அதைவிடப் பெரிய நட்டம்: ஒரு சாட்சியம் பதிவாகாமலே போனது.

பிறகு வந்த ஆண்டுகளில் நாங்கள் ஒவ்வொருவரும் ஒரு கோவையோடு வாழப் பழகினோம். பொலிஸ் பதிவுத் துண்டு, வேலைக் கடிதம், வீட்டு ஒப்பந்தம், பிறப்புச் சான்று, எல்லாவற்றுக்கும் நிழற்பிரதி. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று படிவம் நிரப்பி நிலையத்தில் கொடுக்க வேண்டும். ஊரிலிருந்து ஒருவர் வந்து ஓர் இரவு தங்கினாலும் பதிய வேண்டும். அந்தத் தொல்லைக்குப் பயந்து வீட்டுச் சொந்தக்காரர்கள் விருந்தாளிகளையே தடுத்தார்கள். 1979இல் தற்காலிக ஏற்பாடு என்று வந்து 1982இல் நிரந்தரமாக்கப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டம் எல்லோர் தலைக்கு மேலும் நின்றது. அப்போது அமைச்சரின் உத்தரவில் 18 மாதம்வரை ஒருவரைத் தடுத்து வைக்க முடிந்தது. உதவிப் பொலிஸ் அத்தியட்சருக்கோ அவருக்கு மேற்பட்டவருக்கோ கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லும். கைது செய்பவர் தன் பெயரையும் பதவியையும் சொல்ல வேண்டும், 48 மணித்தியாலத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும் என்று 2006இல் ஜனாதிபதியின் பணிப்புரையும் வந்தது. நான் பார்த்த எந்தச் சுற்றிவளைப்பிலும் யாரும் தன் பெயரைச் சொல்லவில்லை.

2007இல் என் சித்தப்பா கண் சத்திரசிகிச்சைக்காகக் கொக்குவிலிலிருந்து வந்தார். முந்திய ஆகஸ்டில் யாழ்ப்பாணத்துக்கான ஏ-9 பாதை மூடப்பட்டுவிட்டதால் பாஸ் எடுத்து, நாட்கணக்கில் காத்திருந்து, கப்பலில் வந்திருந்தார். என் வீட்டுக்காரர் மறுத்ததால் வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் தங்கினார். ஒரு கண் முடிந்து, மற்றக் கண்ணுக்குத் திகதி கொடுத்திருந்தார்கள். மே 28இல் இரத்மலானையில் விசேட அதிரடிப் படையின் வாகனத்தைக் குறிவைத்துக் குண்டு வெடித்தது. ஜூன் 7 விடியற்காலையில் எனக்குத் தொலைபேசி வந்தது.

“பிள்ளை, எங்களை பஸ்ஸில ஏத்திப்போட்டாங்கள். எங்க கொண்டுபோறாங்களெண்டு தெரியேல்ல. கண்ணுக்கு விடுற மருந்து அறைக்குள்ள கிடக்குது.”

“கண் ஒப்பரேசனுக்கு வந்தனானெண்டு சொல்லேல்லையோ, சித்தப்பா?”

“சொன்னனான். துண்டும் காட்டினனான். காரணம் சரியில்லையாம்.”

புறக்கோட்டை, கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை லொட்ஜ்களிலிருந்து அன்று 376 பேரை பஸ்களில் ஏற்றினார்கள்; அவர்களில் 85 பேர் பெண்கள். தகுந்த காரணமில்லாமல் கொழும்பில் தங்கியிருப்பதால் சொந்த ஊருக்கு அனுப்புகிறோம் என்றார்கள். சித்தப்பாவின் பஸ் வவுனியாவுக்குப் போனது. வவுனியாவுக்கு அப்பால் யாழ்ப்பாணத்துக்குப் பாதையே இல்லை என்பது, ஊருக்கு அனுப்புகிறோம் என்று உத்தரவு போட்டவர்களுக்குத் தெரியாமலிருக்க முடியாது. மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் அடிப்படை உரிமை மனுவோடு உயர் நீதிமன்றம் போனது. ஜூன் 8ஆம் திகதியே வெளியேற்றத்தை நிறுத்தும் இடைக்கால உத்தரவு கிடைத்தது. நாட்டுக்குள் எங்கும் நடமாடவும் விரும்பிய இடத்தில் வசிக்கவும் உள்ள உரிமை அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரையில் இருக்கிறது. பிரதமர் இரத்தினசிறி விக்கிரமநாயக்க அரசாங்கத்தின் சார்பில் வருத்தம் தெரிவித்தார். சித்தப்பா திரும்பி வந்தார். மருந்து தவறியதால் வெட்டிய கண்ணில் கிருமி ஏறியிருந்தது.

அந்த வெளியேற்றம் கொழும்பைக் காப்பாற்றியதா? நவம்பர் 28இல் நுகேகொடையில் ஒரு துணிக்கடை வாசலில் பொதியில் வைத்த குண்டு வெடித்துப் பலர் இறந்தார்கள். அடுத்த சில நாட்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழர்களைப் பிடித்தார்கள். மிகப் பெரும்பாலோரைச் சில நாட்களுக்குள் விட்டார்கள். அத்தனை பேரையும் பிடித்து, பதிந்து, விசாரித்து, விடுவதற்குச் செலவான பொலிஸ் நேரத்தை நினைத்துப் பார்க்கிறேன். அந்த நேரமெல்லாம் குண்டு வைத்தவர்களைத் தேடுவதற்கு உரிய நேரம்.

வேறு விதமாகவும் ஒருமுறை நடந்தது. அடுத்த ஆண்டு எங்கள் ஒழுங்கையில் யாருடையதென்று தெரியாத ஒரு வான் சில நாட்களாக நின்றது. ஓர் இளம் சிங்கள அதிகாரி வந்தார், தமிழ் பேசினார். சிங்கள வீடு, தமிழ் வீடு, முஸ்லிம் வீடு என்று எல்லாக் கதவையும் தட்டி, வானைப் பற்றி மட்டும் கேட்டார். அடையாள அட்டை கேட்கவில்லை. எப்போதும் கதவுச் சங்கிலியைக் கழற்றாத எங்கள் கீழ்வீட்டு அம்மா அவரை உள்ளே கூப்பிட்டுத் தேநீர் கொடுத்து, எந்த நாள் எத்தனை மணிக்கு யார் அந்த வானிலிருந்து இறங்கினார்கள் என்று சொன்னார். பழுதாகி நின்ற வியாபார வான்தான் அது. அன்று மாலையே சொந்தக்காரர் வந்து இழுத்துப் போனார். பொலிஸ் வேலை எப்படி நடக்க வேண்டும் என்பதை நான் கண்ணால் கண்டது அன்றுதான்.

போர் முடிந்து ஏறத்தாழப் பத்தாண்டுகள் கழிந்தன. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் கோயில், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி தேவாலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பின் பெரிய ஹோட்டல்கள். குண்டுகள் வெடித்து 260க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சைவக் குடும்பத்தில் பிறந்தவளானாலும் செவ்வாய்க்கிழமைகளில் நான் கொச்சிக்கடைக்குப் போவேன்; கொழும்பில் எல்லா மதத்தவரும் போவார்கள். மெழுகுவர்த்தி ஏற்றும் இடத்தில் முகம் பழகியவர்கள் சிலரை அதன் பிறகு நான் காணவில்லை.

குண்டு வைத்தவர்கள் முஸ்லிம் தீவிரவாதிகள் என்று தெரிந்ததும், அந்த வாரம் எங்கள் மாடியிலிருந்த முஸ்லிம் குடும்பத்தைச் சோதனை போட்டார்கள். அரபு எழுத்திருந்த புத்தகங்களையெல்லாம் அள்ளிப் போனார்கள். அதில் பிள்ளையின் பள்ளிப் புத்தகமும் இருந்தது. இரவு அந்த வீட்டுத் தங்கை என் கதவைத் தட்டினாள். “அக்கா, அந்தக் காலத்துல நீங்க எந்தெந்தப் பேப்பர கையில வெச்சிருந்தீங்க? எங்களுக்கு ஒண்டும் தெரியாதே.” என் பழைய கோவையை எடுத்து ஒவ்வொரு தாளாகக் காட்டினேன். எதை எதை நிழற்பிரதி எடுக்க வேண்டும், யார் கையெழுத்து வேண்டும், கூட்டிக்கொண்டு போனால் முதலில் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று அவள் குறித்துக்கொண்டாள். என் பிள்ளைகளுக்கு இந்தப் பாடம் வேண்டியதில்லை என்றிருந்தேன். அடுத்த வீட்டுக்கு வேண்டியதாகிவிட்டது.

அவர்களும் கொஞ்சம் அனுபவிக்கட்டும் என்று எங்கள் ஆட்களில் சிலர் சொன்னார்கள். அதைக் கேட்க எனக்குப் பொறுக்கவில்லை. 1990 அக்டோபர் 30இல் புலிகள் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றியபோது நான் அங்கே இருந்தேன். சோனகத் தெருவில் எனக்குத் தைத்துத் தந்த தையற்காரரின் கடை திறந்தபடி கிடந்தது. மெஷினில் பாதி தைத்த துணி. உளவு சொல்வார்கள் என்ற சந்தேகம் ஒரு முழுச் சமூகத்தின் மேல் வைக்கப்பட்டது. சந்தேகிக்கிறவர் கையில் துவக்கு இருந்தால், அவர் எந்த இனத்தவரானாலும் நடப்பது இதுதான்.

உயிர்த்த ஞாயிறுக் குண்டுகளைப் பற்றி ஏப்ரல் 4ஆம் திகதியே இந்தியாவிலிருந்து எச்சரிக்கை வந்திருந்தது. தாக்குதலின் தலைவன் சஹ்ரானைப் பற்றிக் காத்தான்குடி முஸ்லிம்களே அதற்கு முன் முறையிட்டிருந்தார்கள். 2017இல் அவனுடைய ஆட்கள் தாக்கியது அவர்களைத்தான். ஏப்ரல் 26இல் சாய்ந்தமருதில், புதிதாக வாடகைக்கு வந்தவர்கள் மேல் ஐயம் கொண்டு தகவல் கொடுத்தவர்களும் அந்த ஊர் முஸ்லிம்கள்தான். கும்பலின் மிச்சம் அங்கே அகப்பட்டது. எச்சரிக்கையைக் கவனியாமல் விட்டதற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் நட்டஈடு செலுத்த வேண்டுமென்று 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆளின் பெயரோடு வந்த தகவல் மேசையில் கிடந்தது. குண்டு வெடித்த பிறகு தெருவில் பெண்களின் அபாயாவைச் சோதித்தார்கள்.

இதையெல்லாம் கண்டவள் என்ற உரிமையோடு சொல்கிறேன்: சோதனை வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். கொச்சிக்கடைக் கோயில் 2019 ஜூனில் திரும்பத் திறந்த பிறகு, வாசலில் எல்லோருடைய பையையும் திறந்து பார்த்தார்கள். வரிசையில் நின்ற யாருக்கும் மனம் நோகவில்லை. ஒருவரைத் தனியாக நிறுத்துவதென்றால், அவர் செய்ததாகவோ செய்யப்போவதாகவோ நம்புவதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். அது எழுத்தில் இருக்க வேண்டும். வீட்டாருக்குத் தெரிய வேண்டும். ஒரு நீதவான் அதை விரைவில் பார்க்க வேண்டும். பிறந்த ஊரும் உடுப்பும் பேசும் மொழியும் காரணமாகா. குண்டோடு வருகிறவனை முதலில் காண்பவர்கள் அவனுடைய அயலவர்கள். அந்த அயலவர்கள் பொலிஸ் நிலையத்தின் படியேறப் பயந்தால், எத்தனை சோதனைச்சாவடி போட்டாலும் நகரத்துக்குக் காவல் இல்லை. அவர்கள் பயமில்லாமல் ஏறக்கூடிய நிலையங்களை உண்டாக்குவதுதான் பொதுமக்கள் பாதுகாப்பின் முதல் வேலை.