காவிரிப் பாலத்தில் யாரை எண்ணுகிறார்கள்?

திருச்சியில் சிந்தாமணியையும் மாம்பழச்சாலையையும் இணைக்கும் காவிரிப் பாலம் 1976-ல் வந்தது. அன்றைய வண்டிகளுக்குக் கட்டியது. 2022 செப்டம்பரில் பழுதுபார்க்க மூடி, 2023 மார்ச்சில்தான் திறந்தார்கள். இப்போது பக்கத்திலேயே புதிய பாலம் எழும்புகிறது. வேண்டாமென்று நாங்கள் சொல்லவில்லை, நெரிசலில் நாங்களும்தான் நிற்கிறோம்.

ஆனால் தோழர்களே, போக்குவரத்து என்று எதை எண்ணுகிறார்கள்? பொறியாளர்கள் எல்லா வண்டிகளையும் கார் கணக்குக்கு மாற்றுகிறார்கள். கிராமப்புறச் சாலைகளுக்காக இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1990-ல் வெளியிட்ட வழிகாட்டியில் கார் 1, பைக் 0.5, பேருந்து 3, தள்ளுவண்டி 3, மாட்டுவண்டி 8. நகரத்துக்கு எண்கள் மாறும், தர்க்கம் மாறாது. அறுபது பேர் ஏறிய டவுன் பஸ் மூன்று காருக்குச் சமம் (அந்தக் கார்களில் மொத்தமே மூன்று பேர் இருக்கலாம்). தள்ளுவண்டிக்கு எண் உண்டு, அது இடைஞ்சல் என்பதால். அதைத் தள்ளுகிறவருக்கு எண் இல்லை. நடந்து போகிறவர் இந்தப் பட்டியலிலேயே வரமாட்டார்.

பாலம் மூடியிருந்த மாதங்களில் நாங்கள் தூய்மைப் பணியாளர் குடியிருப்பு ஒன்றில் வேலை செய்தோம். பஸ்கள் சென்னை பைபாஸ் பாலம் வழியாகச் சுற்றிப் போயின. "பெண்களுக்கு டிக்கெட்டே கிடையாதே, சுற்றினால் என்ன?" என்று எங்களிடம் ஒரு அதிகாரி கேட்டார். டிக்கெட் இல்லைதான். காலை ஆறு மணிக்கு வருகைப் பதிவு இருக்கிறதே! பிந்தினால் அரைநாள் கூலி போகும். ஒப்பந்தக்காரரிடம் பாலத்தைக் காரணம் சொல்ல முடியுமா? ஒரு அக்கா கேட்டார்: "ஒரு மணி நேரம் முன்னாடியே கெளம்பிட்டா, புள்ளைங்களுக்கு யாரு சோறு ஆக்குறது?"

யார் எங்கே குடியிருப்பது, யார் எங்கே போய்க் குப்பை அள்ளுவது என்பது சாதி போட்ட கணக்கு. பாலம் வடிவமைப்பவர் அதையெல்லாம் படிக்க வேண்டியதில்லை. விடியற்காலையில் ஆட்களை எண்ணினாலே போதும், தெரிந்துவிடும். அகலமான நடைபாதை, அதில் விளக்கு, வேலை நேரத்தில் பஸ்ஸுக்குத் தனி வழி. புதிய பாலத்தில் நாங்கள் கேட்பது இவ்வளவுதான்.

கேட்கப் போனால் புள்ளிவிவரம் எங்கே என்பார்கள். அதனால் வரும் சனிக்கிழமை காலை 4.30 முதல் 7.30 வரை நாங்களே எண்ணுகிறோம். பஸ்ஸில் எத்தனை பேர், நடந்து எத்தனை பேர், சைக்கிளில், காரில் எத்தனை பேர் என்று தனித்தனியாக. சமூகவியல் மாணவர்கள் நோட்டும் பேனாவுமாகச் சிந்தாமணி அண்ணா சிலை அருகே வாருங்கள். டீ எங்கள் செலவு.