'இன்னும் கொஞ்ச நாள் ஓடும்!'

சேலத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம் 2007-ல் வாங்கிய சான்ட்ரோ இருக்கிறது. ஒரு மாதமாக பிரேக்கை மிதித்தால் 'கீச்'. "மழைத் தண்ணி பட்டிருக்கும், இன்னும் கொஞ்ச நாள் ஓடும்" என்றார். இரவு மழையில் நனைந்த டிஸ்க், காலையில் இரண்டு மூன்று மிதி வரை கத்துவது சகஜம்தான். இது மத்தியானத்திலும் கத்தியது.

மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றிக் காட்டினார். புதிதில் 10 மில்லிமீட்டர் அளவுக்கு இருக்கும் பேட், 3-க்கு வந்திருந்தது. கத்தியது, பேட் தேய்ந்ததும் டிஸ்க்கில் உரசும்படி வைத்திருக்கும் சின்னத் தகடு. "இதுக்கு மேல போனா இரும்பும் இரும்பும் உரசும் சார். டிஸ்க்கும் போயிடும்."

பிரேக் ஆயில் இறங்கியபோது அவரே ஊற்றி நிரப்பியிருந்தார். நிறைய பேர் செய்வதுதான். பேட் தேயத் தேய ஆயில் மட்டம் இறங்கும். நிரப்பிவிட்டால் அந்த அடையாளமே மறைந்துபோகும்.

பழைய வண்டிக்கு எதற்குச் செலவு என்று கணக்குப் போட்டவரை மனைவி மடக்கினார்: "ஞாயித்துக்கிழமை பேத்தியை ஏற்காடு கூட்டிட்டுப் போறேன்னு சொன்னீங்களே?" ஏறுவது பிரச்னை இல்லை. 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் மிதித்துக்கொண்டே இறங்கினால் பிரேக் சூடேறும். ஈரம் இழுத்த பழைய ஆயில் கொதித்து, பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போய்விடும்.

முன்சக்கரம் இரண்டுக்கும் புது பேட், கூடவே புது ஆயில். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி இழுக்கும். டிஸ்க்கை அளந்ததில் தப்பித்தது. பின்பக்க லைனிங் பாதிக்கு மேல் மிச்சம் இருந்ததால் அடுத்த சர்வீஸுக்குத் தள்ளினார்.

'இறங்கும்போது இரண்டாவது கியர்' என்று மனைவி ஒரு சீட்டில் எழுதி டேஷ்போர்டில் ஒட்டியிருக்கிறார்.