பாவு நீட்டும் இடம்

சந்தவாசல்,
வைகாசி மாதம்.

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீ அனுப்பிய பணம் வந்து சேர்ந்தது. புழக்கடையை இந்த வருஷமாவது சரிப்படுத்த வேண்டும், சாயங்காலம் அம்மா காற்றாட உட்கார ஒரு இடம் வேண்டும் என்று நீ சொன்னதில் எனக்கு முழுச் சம்மதம். ஆனால் தரை முழுக்க சிமென்ட் பூசி, மேலே தகர ஷெட் இறக்கிவிடலாம் என்று மேஸ்திரியிடம் பேசியிருக்கிறாயே, அது மட்டும் வேண்டாம். போனில் பேசினால் பாதியில் ஏதாவது வேலை வந்து வைத்துவிடுவோம். அதனால் எழுதுகிறேன், நிதானமாகப் படி.

நம் மனை அகலம் குறைவு, நீளம் அதிகம். பின்கதவிலிருந்து கடைசி மதில்வரை 70 அடி இருக்கும். மூன்று புடவைக்குப் பாவு என்றால் ஏறக்குறைய 60 அடி நீட்ட வேண்டும். தாத்தா காலத்தில் தெருவிலேயே நீட்டினார்கள். இன்றைக்குத் தெருவில் விடிவதற்கு முன்பே பைக்கும் ஆட்டோவும் ஓடுகின்றன. நமக்கு மிஞ்சியிருப்பது இந்தப் புழக்கடைதான். நடுவில் ஷெட்டுக்கு நான்கு தூண் நட்டால் அந்த நீளம் அறுந்துபோகும். அதற்குப் பிறகு மாமா பாவு தோய்ப்பதற்கு யார் வீட்டு வாசலையோ கேட்டு நிற்க வேண்டும். தறி ஓடுகிற வீட்டில் புழக்கடையும் தறியைச் சேர்ந்ததுதான். நாம் என்ன செய்தாலும் அதை மனத்தில் வைத்துத்தான் செய்ய வேண்டும்.

அதனால் என் யோசனை இது. கிழக்கு மதிலை ஒட்டி 6 அடி அகலத்துக்கு முழு நீளமும் திறந்தே இருக்கட்டும். மரம், தூண், தொட்டி எதுவும் அங்கே கூடாது. கிராவல் கொட்டி, தண்ணீர் விட்டு, திமிசு போட்டு இறுக்கிவிட்டால் போதும். காலையில் தண்ணீர் தெளித்தால் தூசி அடங்கும், ஈரமும் நிற்கும். பட்டுக்கு ஈரம் வேண்டும் என்பது உனக்கே தெரியும். காற்றிலிருந்து தன் எடையில் நூற்றுக்குப் 11 பங்கு ஈரம் வாங்கி வைத்துக்கொள்ளும் இழை அது. காற்று காய்ந்தால் இழை முறுகி அறுகிறது. நம் முன்னோர் தரையில் குழி தோண்டித் தறி போட்டதற்கு அந்த மண்ணின் குளிர்ச்சியும் ஒரு காரணம். சித்திரை வெயிலைக் குடித்த சிமென்ட் தரை ராத்திரி வரைக்கும் அனலைக் கக்கும். அதைக் கொண்டுவந்து தறிக்கூடத்தின் பின்கதவுக்கு நேரே போடுவதா?

இனி நிழல். மதியத்துக்கு மேல் வெயில் நமக்கு ஜவ்வாது மலைப் பக்கத்திலிருந்துதான் இறங்கி வருகிறது. மரமும் மேற்கு மதில் ஓரம்தான் வர வேண்டும். புங்கன் வைக்கலாம் என்று மாமாவும் நானும் முடிவு செய்திருக்கிறோம். மாசி பங்குனியில் இலை கொட்டிவிட்டு, வெயில் கொளுத்துகிற சித்திரைக்குள் புதுத் தழை போட்டு அடர்ந்து நிற்கும் மரம் அது. இதைவிட நம் ஊருக்குப் பொருத்தமான மரம் எனக்குத் தெரியாது. தறிக்கூடத்துச் சுவரிலிருந்து 10 அடி தள்ளி இரண்டு கன்று போதும். அடிமரத்தைச் சுற்றி 3 அடிக்காவது மண்ணாகவே விட வேண்டும். மேடை கட்டுகிறேன் என்று மரத்தின் கழுத்துவரை சிமென்ட் வைத்து இறுக்குகிறார்களே, அந்தக் கொடுமை நம் வீட்டில் வேண்டாம்.

புங்கன் வளர்ந்து ஆள் உட்கார நிழல் தர நாலைந்து வருஷம் ஆகும். அதுவரைக்கும் தகரத்துக்குப் பதில் பந்தல். 7 அடி உயரத்தில் கல்தூண் நட்டு, குறுக்கே மூங்கில் கட்டி, மேலே தென்னங்கீற்று. ஆடியில் அவரையும் பீர்க்கும் அடியில் ஊன்றினால் கார்த்திகைக்குள் கொடி மேலே ஏறிவிடும். தை மாதம் அவரைக்காய் நம் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் சேர்த்துக் காய்க்கும். பந்தலுக்கு அடியில் கடப்பைக் கல் போட்டு முழங்கால் உயரத்துக்கு ஒரு திண்ணை. அம்மாவுக்குத் தரையில் உட்கார்ந்து எழுந்திருக்க முடியவில்லை, முட்டி பிடித்துக்கொள்கிறது. திண்ணை இருந்தால் ராட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தார் சுற்றுவாள். சும்மா உட்கார்ந்திருக்க அவளுக்குப் பிடிக்காது. வேலையும் வேண்டும், பேச்சுக்கு ஆளும் வேண்டும், முகத்தில் காற்றும் பட வேண்டும். அவளுக்கு இடம் செய்வது என்றால் இந்த மூன்றையும் சேர்த்துத்தான் செய்ய வேண்டும்.

தண்ணீர் விஷயத்தை நீ கட்டாயம் கவனிக்க வேண்டும். தெருக்கோடி வீட்டில் போன வருஷம் பின்பக்கத்தைச் சிமென்ட் போட்டு உயர்த்தினார்கள். ஐப்பசி மழையில் தண்ணீர் போக வழியில்லாமல் வீட்டுப் பக்கமே திரும்பி, தறிக்குழியில் ஊறிவிட்டது. மிதிகட்டை ஊறிப்போய், தறியில் இருந்த பாவும் பாழானது. மாதக்கணக்கில் அந்த வீட்டில் தறிச் சத்தம் இல்லை. நம் குழி தாத்தா தோண்டியது. அதில் ஒரு சொட்டு நீர் இறங்கக் கூடாது. தரை எதுவானாலும் வீட்டிலிருந்து கடைசி மதில் பக்கம் சரிந்திருக்க வேண்டும்; இதை மேஸ்திரி மட்டம் பார்க்கும்போது மாமா கூடவே நிற்பார்.

மாடி மழைநீருக்கும் வழி செய்ய வேண்டும். 2003-இல் அரசு சட்டம் போட்டபோது அப்பா குழாய் இறக்கினாரே, அது இன்னும் இருக்கிறது. அடியில் குழிதான் மண்ணடைத்துப் போய்விட்டது. நம் மாடி 800 சதுர அடி. 1 செ.மீ. மழைக்கே அதில் 740 லிட்டர் விழுகிறது. இத்தனை தண்ணீரும் தெருச் சாக்கடைக்குப் போகிறது, வைகாசியில் நாம் குடத்தோடு நிற்கிறோம். குழியைத் தூர்வாரி, அடியில் பெரிய கல், மேலே ஜல்லி, அதற்கு மேல் மணல் போட்டால் கிணற்றுக்கு ஊற்று கிடைக்கும். இந்த ஒரு வேலைக்காகவே உன் பணத்தில் பாதி போனாலும் நான் வருத்தப்பட மாட்டேன்.

பாத்திரம் கழுவுகிற தண்ணீர் வாழைக்குப் போகட்டும். படவேட்டுப் பக்கம் பார்த்த இடமெல்லாம் வாழைதான்; நல்ல பக்கக் கன்று கேட்டால் கிடைக்கும். துவைக்கிற கல்லிலிருந்து வரும் சோப்புத் தண்ணீர் கல்வாழைக்கு. அதைக் கீரைப் பாத்திக்கு விடக் கூடாது. சாயத் தண்ணீர் எந்தச் செடிக்கும் ஆகாது, கிணற்றுப் பக்கமும் அண்டக் கூடாது. கறிவேப்பிலை ஒன்று அடுப்படிக் கதவோரம். சிறுகீரைக்கு ஒரு பாத்தி இருந்தால் 25 நாளில் பறிக்கலாம். முருங்கைக்குப் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த பி.கே.எம்.-1 செடிமுருங்கை வைக்கலாம். ஆறு மாதத்தில் காய்க்கும், வருஷா வருஷம் வெட்டிவிட்டால் தாழ்வாகவே நிற்கும். மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி ஏறுமே, அதனால் திண்ணைக்குத் தூரமாகக் கடைசி மதிலோரம்தான் அதற்கு இடம். பூவுக்கு மல்லிகை என்று உன் பெரிய மருமகள் சொல்லியிருக்கிறாள். அவள் கேட்டதையும் எழுதிவிட்டேன்.

சிமென்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. துவைக்கிற கல்லைச் சுற்றிப் போட வேண்டும், வழுக்காமல் அம்மா நடக்கப் பின்கதவிலிருந்து திண்ணைவரை ஒரு பாதை போட வேண்டும். அதற்கு மேல் தேவையில்லை. இன்டர்லாக் கல் போட்டால் தண்ணீர் இறங்கும் என்று யாராவது சொன்னாலும், அடியில் கான்கிரீட் போட்டுப் பதித்தால் அதுவும் சிமென்ட் தரைதான்.

ஆடி வெள்ளிக்குப் படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்கு வருகிற சொந்தக்காரர்கள் எல்லாம் நம் வீட்டில்தான் இறங்குவார்கள். போன வருஷம் அத்தனை பேரையும் தறிக்கூடத்துக்குள் நெருக்கி உட்காரவைத்துச் சாப்பாடு போட்டோம். இந்த ஆடிக்குப் பந்தலாவது தயாராக இருந்தால் வெளியே பந்தி போடலாம். கன்று நடவும் அதுதான் பட்டம். குழி 2 அடிக்கு 2 அடி தோண்டி இப்போதே ஆறப்போட வேண்டும். வனத்துறை நாற்றங்காலில் மாமா புங்கன் கன்று பார்த்து வருவார். நீயும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அந்த வாரமே வா. உன் கையால் ஒரு கன்று நட வேண்டும் என்று அம்மா ஆசைப்படுகிறாள்.

மேஸ்திரி வருகிற வெள்ளிக்கிழமை சிமென்ட் மூட்டை இறக்கப்போவதாகச் சொல்லியிருக்கிறார். நான் சொன்னால் உன்னைக் கேட்க வேண்டும் என்கிறார். வியாழக்கிழமைக்குள் நீயே அவருக்குப் போன் செய்து, தகரமும் தரையும் வேண்டாம், திண்ணையும் மழைநீர்க் குழியும் போதும் என்று சொல்லிவிடு.

அன்புடன்,
அக்கா