குவாதலூப்பில் எங்கே தங்குவது?

கரிபியன் கடலில் பிரெஞ்சு ஆட்சிக்கு உட்பட்ட குவாதலூப் என்னும் தீவுக்குச் சென்ற ஆண்டு பிப்ரவரி மாதத்தில் சென்று வரும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. இரயில்வே எழுத்தன் ஒருவனுக்கு இத்தகைய பிரயாணம் எவ்வாறு கைகூடியது என்று அன்பர்கள் கேட்கலாம். நமக்குக் கிடைக்கும் பாஸ் கடலைத் தாண்டுவதில்லை. என் தமக்கையின் கணவர் காரைக்காலைச் சேர்ந்தவர். பிரெஞ்சுக் குடியுரிமை உடையவர். பாரிஸுக்கு அருகில் குடியிருக்கின்றார். அவரே என் தாயாரையும் என்னையும் அழைத்துச் சென்றார். அவர்களுடைய மக்கள் இருவரையும் சேர்த்து நாங்கள் அறுவர்.

ஆறு பேர் பத்து நாட்கள் எங்கே தங்குவது என்பதைப் பற்றிப் பாரிஸிலேயே பெரும் விவாதம் எழுந்தது. மருமக்கள் இருவருக்கும் வெண்மணல் கடற்கரை வேண்டும். அத்தான் விமான நிலையத்துக்கு அருகில் ஒரு நல்ல ஓட்டல் போதும் என்றார். அறுபத்தெட்டு வயதான என் தாயாருக்கு மாடிப்படி ஏற முடியாது, சைவ உணவு, சமைக்க ஓர் அடுப்பு வேண்டும், "அவ்வூரில் மாரியம்மன் கோயில் இருக்கிறதாமே, அதற்குப் பக்கத்தில் ஜாகை பார்" என்பது அவர் கட்டளை. இவற்றை எல்லாம் ஒரே இடத்தில் பெற முடியுமா என்று ஆராயும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. கால அட்டவணையும் தேசப்படமும் பார்த்துப் பழகியவன் என்பதே காரணம். அவ்வாராய்ச்சியின் பயனை நம் சங்கத்தாருக்கும் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தீவின் அமைப்பு

படத்தில் பார்த்தால் குவாதலூப் இறக்கை விரித்த வண்ணத்துப்பூச்சி போன்றது. உண்மையில் அது இரு தீவுகள். சதுப்பு மரங்கள் அடர்ந்த ஒரு குறுகிய உப்புநீர்க் கால்வாய் அவற்றைப் பிரிக்கின்றது, பாலங்கள் இணைக்கின்றன. கிழக்கே உள்ளது கிராந்த்-தேர். சுண்ணாம்புப் பாறையாலான சமநிலம். கரும்பு விளையும் பூமி. மேற்கே உள்ளது பாஸ்-தேர். எரிமலையும் அடர்காடும் அருவிகளும் நிறைந்தது. கிராந்த்-தேர் என்றால் "பெருநிலம்". பாஸ்-தேர் என்றால் "தாழ்நிலம்". ஆயினும் பெருநிலமே சிறியது, தாழ்நிலமே உயர்ந்தது! 1,467 மீட்டர் உயரமுள்ள சூஃப்ரியேர் எரிமலை இந்தத் தாழ்நிலத்தில்தான் நிற்கின்றது. 1976-ஆம் ஆண்டில் அது சீறியபொழுது எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் பல மாதங்கள் வீடுவாசலை விட்டு வெளியேற நேர்ந்தது.

இத்தீவு 1946-ஆம் ஆண்டு முதல் பிரான்சு நாட்டின் ஒரு மாவட்டமாக இருந்து வருகின்றது. செலாவணி யூரோ. ஆனால் பாரிஸ் செல்வதற்கு நாம் பெறும் ஷெங்கன் விசா மட்டும் இங்கே செல்லாது. கடல்கடந்த இம்மாவட்டத்துக்கென்று விண்ணப்பத்தில் குறிப்பிட்டு அனுமதி பெறுதல் வேண்டும். பாரிஸிலிருந்து விமானத்தில் ஏறத்தாழ எட்டரை மணி நேரம். விமான நிலையம் இரு இறக்கைகளும் கூடும் இடத்திற்கு அருகே, பொயந்த்-அ-பித்ர் என்னும் நகரை ஒட்டி அமைந்துள்ளது.

தீவில் பிரயாணிகளை ஏற்றிச் செல்லும் இரயில் இல்லை. கரும்பு ஏற்றிச் சென்ற பழைய சிறு பாதைகள் இருந்தன, அவையும் வழக்கொழிந்தன. பஸ்கள் உண்டு, எனினும் மாலையிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் அவற்றை நம்பிப் புறப்படுதல் இயலாது. ஆகவே பெரும்பாலோர் வாடகைக் கார் எடுக்கின்றனர். வண்டிகள் சாலையின் வலப்பக்கமாகச் செல்லும். காலையும் மாலையும் பொயந்த்-அ-பித்ரைச் சுற்றி நெரிசல் மிகுதி. எனவே ஓரிடத்தில் தங்கிக்கொண்டு தீவு முழுவதையும் பார்த்துவிடலாம் என்பது படத்தில் எளிது, சாலையில் அரிது. எந்த இறக்கையில் தங்குவது என்பதையே முதலில் முடிவு செய்ய வேண்டும்.

தென்கரை

கிராந்த்-தேரின் தென்கரையில் லெ கோசியே, சேந்த்-ஆன், சேன்-பிரான்சுவா என்னும் ஊர்கள் வரிசையாக உள்ளன. ஓட்டல்களில் பெரும்பாலானவை இங்கேதான். பவளப் பாறைகள் அலையைத் தடுப்பதால் கடல் குளம் போல் அமைதியாக இருக்கும். குழந்தைகள் குளிக்க உகந்தது. மழையும் குறைவு. கடைகள், உணவு விடுதிகள், மருந்தகம் எல்லாம் நடந்து செல்லும் தூரத்தில் உள்ளன. கார் ஓட்டத் தெரியாதவர்களுக்கு இக்கரையே ஏற்றது.

குறையும் உண்டு. கிறிஸ்துமஸ் தொடங்கி ஏப்ரல் வரையில் கூட்டம் நெரியும், வாடகை உயரும். மேலும், 2011-ஆம் ஆண்டு முதல் அட்லாண்டிக் கடலிலிருந்து சர்காசம் என்னும் பழுப்புநிறப் பாசி சில பருவங்களில் பெருந்திரளாக வந்து கரை ஒதுங்குகின்றது. அது அழுகினால் கெட்ட முட்டையின் நாற்றம் வீசும். மூச்சுத் தொல்லை உடையோருக்குத் தீங்கு. கிழக்கும் தெற்கும் நோக்கிய கரைகளிலேயே இத்தொல்லை அதிகம். படத்தில் காணும் நீலக் கடலை நம்பிப் பணம் கட்டுவதற்கு முன், அம்மாதத்தில் பாசி வந்துள்ளதா என்று விசாரித்தல் நலம்.

மேற்குக் கரை

பாஸ்-தேரின் மேற்குக் கரை காற்றுக்கு மறைவானது; பாசித் தொல்லை அரிது. தெஹே என்னும் மீனவர் ஊருக்கு அருகில் கிராந்த் ஆன்ஸ் என்ற நீண்ட கடற்கரை உள்ளது. மணல் பொன்னிறம். சற்றுத் தெற்கே புயாந்த். "கொதிப்பது" என்பது அதன் பொருள். வெந்நீர் ஊற்றுகள் உள்ள இவ்வூரில் பூமியின் வெப்பத்தைக் கொண்டே மின்சாரம் எடுக்கின்றனர். எதிரே உள்ள சிறு தீவுகளைச் சுற்றிக் கடலுக்கடியில் பவளத்தையும் மீன்களையும் பார்க்க மூழ்குநர் பலர் வருகின்றனர்.

இப்பகுதியில் பெரிய ஓட்டல்கள் குறைவு. மலைச்சரிவில் தோட்டத்துடன் கூடிய தனி வீடுகளை வாடகைக்கு விடுகின்றனர். இவற்றை "ஜீத்" என்பர். சமையலறை, பாத்திரங்கள், குளிர்பெட்டி எல்லாம் இருக்கும். நம்மவர்க்கு இதுவே பெரிய சௌகரியம். ஆனால் சரிவில் கட்டிய வீடாதலின் படிக்கட்டுகள் மிகுதி. முதியோரை அழைத்துச் செல்வோர் "எத்தனை படிகள்?" என்று எழுத்து மூலம் கேட்டுப் பதில் பெறுக. "கடல் தெரியும் வீடு" என்ற விளம்பரத்துக்குப் பெரும்பாலும் "நாற்பது படி ஏறவேண்டும்" என்பதே பொருள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கடற்கரையில் மான்சினீல் என்னும் மரம் உண்டு. சிறு ஆப்பிள் போன்ற காய் காய்க்கும். அதன் பாலும் காயும் கொடிய நஞ்சு. மழை பெய்யும்போது அதன் அடியில் ஒதுங்கினாலே தோல் கொப்புளிக்கும். பல இடங்களில் அடிமரத்தில் சிவப்பு வளையம் தீட்டி அடையாளம் செய்துள்ளனர். பிள்ளைகளுக்கு முதல் நாளே இதைச் சொல்லிவிட வேண்டும்.

காபெஸ்தேர்

பாஸ்-தேரின் கிழக்கே மலையடிவாரத்தில் அமைந்த காபெஸ்தேர்-பெல்-ஓ என்னும் ஊரைச் சுற்றுலாப் புத்தகங்கள் தங்கும் இடமாகப் பரிந்துரைப்பதில்லை. வாழைத் தோட்டங்கள் சூழ்ந்த ஊர். மழை அதிகம், குளிக்க நல்ல கடற்கரையும் குறைவு. கார்பே அருவிகளைப் பார்ப்பவர்கள் வந்தவுடனே திரும்பிவிடுகின்றனர். அவற்றுள் இரண்டாவது அருவி 110 மீட்டர் உயரத்திலிருந்து விழுகின்றது.

ஆனால் நமக்கு இவ்வூர் வேறு வகையில் முக்கியமானது. 1848-இல் அடிமை முறை ஒழிந்த பின்னர்க் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. 1854-ஆம் ஆண்டு டிசம்பர் 24-ஆம் நாள் "ஒரேலி" என்னும் கப்பல் முந்நூறுக்கு மேற்பட்ட இந்தியரை இங்கே கொண்டு வந்து இறக்கியது. அதன்பின் முப்பத்தைந்து ஆண்டுகளில் வந்தவர்கள் சுமார் 42,000 பேர். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறியவர்கள் அவர்களுள் மிகப் பலர். திரும்பியவர் சிலர், மாண்டவர் பலர். இங்கேயே பிறந்த அவர்தம் மக்களுக்குக் கூட நெடுங்காலம் குடியுரிமை கிட்டவில்லை. இவ்வூரில் 1863-இல் பிறந்த ஹென்றி சிதம்பரம் என்பவர் 1904 முதல் வழக்காடி 1923-இல் அவ்வுரிமையை நிலைநாட்டினார்.

ஊருக்கு அருகில் சாங்கி என்னுமிடத்தில் மாரியம்மன் கோயில் இருக்கின்றது. "மாலியெமேன்" என்பது அவர்கள் உச்சரிப்பு. வண்ணச் சிலைகள் நிறைந்த அக்கோயிலைச் சாலையில் கண்டவுடன் என் தாயார் காரை நிறுத்தச் சொல்லிவிட்டார். ஊரின் ஒரு தரைத்தள ஜீத்தில் ஐந்து நாட்களும், அதற்கு முன் தெஹேயில் ஐந்து நாட்களும் தங்குவது என்று பாரிஸிலேயே முடிவு செய்திருந்தோம். பிள்ளைகளுக்குக் கடல் கிடைத்தது. பாட்டிக்குக் கோயில் கிடைத்தது.

எங்கள் வீட்டுக்காரியின் முன்னோர் தமிழர். அவருக்குத் தமிழ் தெரியாது. இரண்டாம் நாள் மாலை அவர் ஒரு பழைய பதிவேட்டின் நகலைக் கொண்டு வந்து காட்டினார். அவருடைய பாட்டனாரின் தந்தை வந்திறங்கியபோது பதிந்தது. பெயரையும் ஊரையும் பிரெஞ்சு எழுத்தில் சிதைத்து எழுதியிருந்தார்கள். அதை எப்படி உச்சரிப்பது என்று தெரிந்துகொள்ளவே அவர் வந்திருந்தார். என் தமக்கை எழுத்துக்கூட்டிப் படிக்க, என் தாயார் சற்று யோசித்து, "வைத்திலிங்கம் அம்மா, வைத்திலிங்கம்" என்றார். அவ்வம்மையார் அப்பெயரை நான்கைந்து முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். தம் வீட்டுப் பெயரை அவர் சரியாக ஒலித்தது அன்றுதான். பக்கத்தில் நின்ற என் மருமகன், "பாட்டி, என் பெயரை நான் சரியாகத்தான் சொல்கிறேனா?" என்று கேட்டான். அவன் பாரிஸில் பிறந்தவன். பள்ளியில் அவன் பெயர் சுருங்கி வேறாகிவிட்டது. அன்றிரவு முதல் பாட்டியிடம் அவன் தமிழ் எழுத்துக் கற்கத் தொடங்கினான். நம்மில் பம்பாயிலும் டில்லியிலும் பிள்ளை வளர்ப்போர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். அம்மக்கள் சில தலைமுறைகளில் மொழியை இழந்தனர். நாம் இரண்டே தலைமுறைகளில் இழக்கின்றோம். அவர்கள் வறுமையாலும் தொலைவாலும் இழந்தனர். நாம் எதனால் இழக்கின்றோம்?

உணவும் நீரும்

தமிழர் விட்டுச்சென்ற மற்றொன்று உணவு. மஞ்சள், கொத்துமல்லி, சீரகம், கடுகு, வெந்தயம் சேர்த்த பொடியால் ஆக்கும் கறியைத் தீவு முழுவதும் "கொலொம்போ" என்கின்றனர். குழம்பு என்ற சொல்லே அவ்வாறு திரிந்தது என்பர் பலர். கொழும்பு நகரின் பெயர் என்பாரும் உளர். பெரும்பாலும் ஆட்டிறைச்சியிலோ கோழியிலோ செய்வதால், சைவர் தாமே சமைப்பதே உத்தமம். அரிசி கிடைக்கும். சந்தையில் வாழைக்காய், பூசணி, வெண்டை, ஈரப்பலா, பெங்களூர்க் கத்தரிக்காய் எல்லாம் உண்டு. கிழங்கு வாங்கும்போது மட்டும் கவனம் தேவை. 1972 முதல் 1993 வரை வாழைத் தோட்டங்களில் தெளித்த குளோர்டெகோன் என்னும் பூச்சிக்கொல்லி இப்பக்கத்து மண்ணில் இன்னும் தங்கியுள்ளது. அது கிழங்குகளில் ஏறும். சாலையோரத்தில் வாங்காமல், சோதனைக்கு உட்பட்ட கடைகளிலேயே வாங்குதல் வேண்டும். ஆற்று மீனையும் தவிர்த்தல் நலம்.

மற்றொன்று தண்ணீர். அருவிகள் நிறைந்த தீவாயினும் குழாய்கள் பழுதானமையால் பல ஊர்களில் முறைவைத்துத் தண்ணீர் நிறுத்துகின்றனர். எங்கள் முதல் வீட்டில் ஒருநாள் முழுதும் குழாய் வறண்டது. வீட்டில் தொட்டி இருந்தமையால் பிழைத்தோம். "தனித் தொட்டி உண்டா?" என்பதை முன்பணம் அனுப்புமுன் கேட்க வேண்டும்.

முடிவாக

டிசம்பர் முதல் மே வரை உலர்ந்த பருவம். ஜூன் முதல் நவம்பர் வரை புயற்காலம். 1989-இல் வந்த ஹ்யூகோ புயல் இத்தீவைப் பாழாக்கியது. மலிவென்று செப்டம்பரில் செல்வோர், புயலினால் பிரயாணம் தடைப்பட்டால் பணம் திரும்புமா என்று கேட்டறிந்து செல்க.

சிறு குழந்தைகளுடன் செல்வோரும் கார் இல்லாதோரும் சேந்த்-ஆனில் தங்கலாம். மலையும் கடலும் விரும்பும் இளைஞர் தெஹேயிலோ புயாந்திலோ தங்கலாம். லே சேந்த் என்னும் சிறு தீவுகளுக்குப் படகேற விரும்புவோர்க்குப் பாஸ்-தேரின் தெற்கிலுள்ள த்ருவா-ரிவியேர் துறை அண்மை. பத்து நாட்கள் இருந்தால் இரண்டு இடங்களாகப் பிரித்துக்கொள்வதே சிறந்தது. பெட்டி கட்டும் சிரமத்தைச் சாலையில் மிச்சமாகும் நேரம் ஈடு செய்துவிடும். தமிழர் எவராயினும் ஓர் இரவேனும் காபெஸ்தேரில் தங்குக. அங்கே செல்லும்போது ஒரு தமிழ் அரிச்சுவடியை எடுத்துச் செல்லுங்கள். எங்களிடம் இருந்த ஒன்றை அவ்வீட்டிலேயே கொடுத்துவிட்டு வந்தோம்.